இடம் மாறிய கூழாங்கல்

"நான் கள்ளி இல்லீங்க, ஏட்டய்யா" என்று சொல்லிவிட்டு சகாயம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஓய்வுபெற்ற ஏட்டு அற்புதராஜ் அவசரப்படாமல் விசாரித்தார். பரமத்தி வேலூர்ச் சாலையில் இருந்த மாதா கோயிலின் புதுச்சுவருக்குக் கீழத்தெருவும் மேலத்தெருவும் போட்டி போட்டுச் செங்கல் சுமந்தன. அதிகம் சுமந்த தெருவுக்குத்தான் திருவிழாவில் சப்பரம் தூக்கும் உரிமை. எண்ணியவள், எழுத்தறியாத சகாயம்மாள். தெருவுக்கு மூன்று கொட்டாங்குச்சி; ஒரு செங்கல்லுக்கு வலதில் ஒரு கூழாங்கல். அங்கே பத்துச் சேர்ந்தால் அள்ளிவிட்டு நடுவில் ஒன்று. நடுவில் பத்துச் சேர்ந்தால் இடதில் ஒன்று.

மதியம் சுமை முடிந்ததும் கீழத்தெருவுக்கு முந்நூற்று நாற்பத்திரண்டு என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். சாயங்காலம் கொத்தனார் பார்த்தபோது இருநூற்று நாற்பத்துமூன்றுதான் இருந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு சுமந்த மேலத்தெரு ஜெயித்துவிட்டது. செங்கல் முழுவதும் சுவருக்குள் போய்விட்டதால் மறுபடி எண்ணவும் வழியில்லை. மேலத்தெருக்காரியான அவளை, கோயிலைக் கவனிக்கும் உபதேசியார் உபகாரசாமி ஊர் முன்னால் கள்ளி என்று சொல்லி முழங்காலில் நிற்க வைத்திருந்தார்.

தபால்காரர் கிறிஸ்துராஜுக்கு ஏட்டய்யாவோடு துப்பறியப் போவதென்றால் தபால்கூட மறந்துவிடும். மறுநாள் இருவரும் போனபோது கோயிலில் ஊரே கூடியிருந்தது. கீழத்தெருவின் கொட்டாங்குச்சிகளைப் பார்த்ததுமே கிறிஸ்துராஜ் துள்ளினார். "யாரோ கல்லத் திருடிப்போட்டாங்க!"

"மதியம் மூணு, நாலு, ரெண்டு. மொத்தம் ஒம்பது கல்லு. இப்ப ரெண்டு, நாலு, மூணு. இப்பவும் ஒம்பது. திருட்டு எங்கய்யா?" என்றார் அற்புதராஜ். "இடது கல்லு ஒண்ணு வலதுக்குப் போயிருக்குது. நூறா இருந்தது ஒண்ணாயிருச்சு."

எல்லாக் கல்லிலும் செங்கல் தூசி சிவப்பாக அப்பியிருந்தது. வலதில் கிடந்த ஒன்றில் மட்டும் தூசிமேல் வெள்ளையாக மெழுகுச் சொட்டு.

"ஏமாத்த நெனச்சவன் கல்ல வீசியிருப்பான். இதப் பத்திரமாத் திருப்பிப் போட்டிருக்காங்க. இடத்துக்குத்தான் மதிப்புன்னு செங்கல் சுமந்தவங்களுக்கெல்லாம் தெரியும். பீடத்துல மெழுகுதிரி வெச்சுட்டிருந்தவருக்குத் தெரியாது. இல்லீங்களா, உபதேசியாரே?"

உபகாரசாமி தலை குனிந்தார். "மெழுகுதிரியோட போறப்பக் கால் தட்டி ஒரு கல்லு உழுந்துச்சுங்க. கல்லுதானேன்னு கைக்குக் கெடச்சதுல போட்டேன். ராத்திரிதான் வெவரம் புரிஞ்சுது. அதுக்குள்ள இந்தப் புள்ளயக் கள்ளின்னு சொல்லிப்போட்டேன். வெக்கத்துல வாய் வரலீங்க."

அந்தக் கல்லை எடுத்து இடது கொட்டாங்குச்சியில் போட்டார். நூறின் இடத்தில் மூன்று வந்துவிட்டது, மேலத்தெருவுக்கு இரண்டுதான். மீதியைப் பார்க்க வேண்டியதே இல்லை. கீழத்தெரு ஆரவாரம் செய்தது.

உபகாரசாமி சகாயம்மாள் முன்னால் முழங்காலிட்டார். அவள் பதறி விலகினாள்.

"எந்திரிங்க. கல்ல எடுத்து வெச்சுட்டீங்க, செரியாப்போச்சு. எம்பட பேர எந்தக் கொட்டாங்குச்சியில இருந்து எடுத்து வெப்பீங்க?"

அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள் அவள் முழங்காலில் நின்றதை வேடிக்கை பார்த்தவர்கள்தான் அத்தனை பேரும்.