பூட்டிய கூண்டில் நீல முட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை, தேவப்பிரியம் வீட்டில் பக்தவச்சலம் இரண்டாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் நடுவயதுப் பெண் ஒருத்தி வந்து மூச்சிரைக்க நின்றாள்.

"அய்யா, பூட்டின கூண்டுக்குள்ள கீற முட்ட தெனம் மாயமாப் பூடுது! திருடி யாருன்னு தெரிஞ்சிபோச்சி. கள்ளச்சாவிய எங்க ஒளிச்சி வச்சிகீறான்னுதான் தெரியல. அத்தக் கண்டுபுடிச்சிக் குடு!"

தேவப்பிரியம் ராயபுரத்தில் ஒரு மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். காணாமல் போன எருமையிலிருந்து கொம்பின் நிறத்தை மாற்றிப் பூசி விற்ற ஆடுவரை அவரிடம்தான் வழக்கு வரும். பக்தவச்சலம் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா, கம்பவுண்டரின் சிநேகிதர். எந்த வழக்கையும் முதலில் கண்டுபிடித்துவிடுகிறவர் அவர்தான். கண்டுபிடித்தது இதுவரை ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை, அவ்வளவுதான்.

வந்தவள் பெயர் மங்கம்மா, திருவொற்றியூர். ஐந்து கோழி வளர்க்கிறாள். முட்டை, மூட்டை தூக்கும் மகன் சுப்புராயனுக்கு. தை மாதம் மருமகள் செல்லக்கனி வீட்டுக்கு வந்தாள். அதே வாரம் நாய் ஒரு கோழியைக் கவ்விப்போனதால், பலகை அடித்து, கம்பிவலை போட்டுக் கூண்டு கட்டி, மிச்சமிருந்த ஐந்தையும் பூட்டிவிட்டாள். மாசியிலிருந்து முட்டை காணவில்லை.

"மருமக மேல எப்படிச் சந்தேகம் வந்தது?" என்றார் தேவப்பிரியம்.

"சந்தேகம் இன்னா அய்யா, முந்தாநேத்து அவளே ஒத்துக்கினா! அப்பாலிருந்து சாவிய என் கழுத்துலயே கட்டிக்கினு கீறேன். இன்னிக்கும் முட்ட இல்ல. அவங்க நைனாவ வரச் சொல்லிட்டேன். மத்தியானம் திருடியக் கையோட கூட்டிக்கினு போவட்டும்."

"வழக்கு முடிந்தது! சாவி சாம்பிராணி டப்பாவில் இருக்கும்," என்றார் பக்தவச்சலம். தேவப்பிரியம் மேஜை டிராயரிலிருந்து எதையோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மங்கம்மாவின் வீடு ஒரு சுண்ணாம்புக் காளவாயை ஒட்டியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சுடுவதற்கு வைத்திருந்த கிளிஞ்சல் குவியல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. பக்தவச்சலம் கூண்டை மும்முறை சுற்றிவந்தார். எலி நுழையவும் சந்தில்லை, பாம்பு நுழையவும் வழியில்லை. தேவப்பிரியமோ கதவைத் திறந்து, மூலையிலிருந்த முட்டைப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி வைக்கோலை எடுத்தார். அது பசை போட்டதுபோல ஒட்டிக் காய்ந்திருந்தது, எறும்பு மொய்த்தது. உள்ளே ஒரு கோழி காலை ஊன்ற முடியாமல் பலகையில் சாய்ந்து நின்றது.

"தீனி என்ன போடுறீங்க?"

"நொய்யும் தண்ணியும். வேற இன்னா போடுவாங்க?"

"விநோதமா முட்டை ஏதாவது வந்ததா?"

மங்கம்மா குரலைத் தாழ்த்தினாள். "மாசி மொதல்ல தோல் முட்ட ஒண்ணு வந்திச்சி. ஓடே இல்ல, கொழகொழன்னு கீது. செய்வினைன்னு கடல்ல கடாசிட்டேன்."

செல்லக்கனியைக் கூப்பிட்டார்கள். பதினெட்டு வயது இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"முட்டையை என்னம்மா செய்தே?"

"அவிச்சித் துன்னேன்."

"ஓடு?"

"அடுப்புல போட்டுட்டேன்."

பாத்திரம் விளக்குவதற்காக இரண்டு மாதமாகச் சேர்த்த சாம்பல் கொல்லையில் குவிந்திருந்தது. தேவப்பிரியம் சல்லடை வாங்கிப் பொறுமையாகச் சலித்தார். கரித்துண்டு வந்தது, ஆணி ஒன்று வந்தது. ஓட்டுச் சில் ஒன்றுகூட வரவில்லை.

"இவ திருடலை," என்றார் நிதானமாக.

"அப்ப எதுக்குய்யா ஒத்துக்கணும்?" என்று கேட்டார் பக்தவச்சலம்.

தேவப்பிரியம் பையிலிருந்து துணிக்குப் போடும் நீலப்பொடியை எடுத்தார். ஒரு முட்டை வாங்கிவரச் சொல்லி, ஊசித்துளை போட்டு, பாதி வெள்ளையை வடித்து, நீலத்தைக் கரைத்து ஊற்றி மெழுகால் அடைத்தார். அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இதை உடைக்கிறவங்க மேல பட்ட நீலம் ரெண்டு நாளைக்குப் போகாது. எல்லாரும் இங்கேயே உட்காருங்க."

எண்ணூரிலிருந்து செல்லக்கனியின் தகப்பன் திருமலை வந்து சேர்ந்தான். கட்டுமரக்காரன், வாட்டசாட்டமான ஆள். வேலியோரமாகத் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். மகள் திருடி என்று சொல்லியனுப்பினால் எந்தத் தகப்பனால் நிமிர்ந்து நிற்க முடியும்?

ஒரு மணி நேரம் போயிற்று. கூண்டுப் பக்கம் ஒருவரும் போகவில்லை. "எல்லாரும் கையைக் காட்டுங்க," என்றார் தேவப்பிரியம். எல்லாக் கையும் சுத்தம். அவர் பூட்டைத் திறந்து பெட்டியை வெளியே இழுத்தார்.

முட்டை இல்லை. வைக்கோல் முழுக்க நீலம்.

"அய்யோ!" என்று பக்தவச்சலம் இரண்டடி பின்னால் போனார். பூட்டிய கதவு, பார்த்துக்கொண்டிருந்த பத்துக் கண், நடுவில் முட்டை மாயம்! பேய் பிசாசை நம்பாத மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கோழியோட மூஞ்சியைப் பாருங்க," என்றார் தேவப்பிரியம்.

ஐந்தில் மூன்று கோழிகளின் அலகும் நீலமாக இருந்தது. ஒன்று அப்போதுதான் மிச்ச ஓட்டைக் கொத்தி விழுங்கிக்கொண்டிருந்தது.

மங்கம்மா வயிற்றில் அடித்துக்கொண்டாள். "தான் இட்டத்தத் தானே துன்னுதே! இது கோழியா, பிசாசா? அரிவாமணைய எடு!"

"அதை ஏன் அறுக்கணும்? மேய விட்ட வரைக்கும் அது அந்தக் கிளிஞ்சலைக் கொத்தித் தின்னுச்சு. முட்டைக்கு ஓடு அதிலிருந்துதான் வரும். நீங்க பூட்டி வச்சு வெறும் நொய்யைப் போட்டீங்க. ஓடு மெலிஞ்சு போச்சு. அந்தத் தோல் முட்டை அதுக்கு அடையாளம், செய்வினை இல்லை. கால் ஊன்ற முடியாத கோழியும் அதனாலதான். மெலிஞ்ச முட்டை உடையும், ருசி கண்ட கோழி அப்புறம் விடாது. சுண்ணாம்புச் சத்துக்காக ஓட்டையும் சேர்த்து விழுங்கிடும். அதான் ஒரு சில்கூடக் கிடைக்கலை. கிளிஞ்சலை நுணுக்கித் தனிச் சட்டியில வைங்க. பகல்ல வெளியே விடுங்க. முட்டைப் பெட்டியைச் சாக்கு போட்டு இருட்டாக்குங்க. இட்ட முட்டையை உடனே எடுத்துடுங்க. அப்படியும் விடாத கோழியைத் தனியாப் பிரிச்சு வைங்க."

பிறகு அவர் செல்லக்கனியிடம் திரும்பினார். "செய்யாததை ஏம்மா ஒத்துக்கிட்டே?"

"இல்ல, இல்லன்னு மாசக்கணக்கா சொன்னேன். கேக்கல. ஒத்துக்கிற வரைக்கும் சோறு கெடையாதுன்னாங்க. மூணு நாளு பாத்தேன். ஆமான்னு சொன்னேன். ஒடனே தட்டு வச்சாங்க."

பக்தவச்சலத்துக்குக் கோழி முட்டையைத் தின்றதைப் பார்த்த அதிர்ச்சி ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. திருமலை முதல்முறையாகத் தலையைத் தூக்கி மங்கம்மாவைப் பார்த்தான்.

செல்லக்கனி உள்ளே போய்த் துணி மூட்டையோடு வந்தாள். "போலாம் நைனா."

மங்கம்மா பதறிப்போய் ஓடிவந்தாள். "எங்கடி போற? அதான் நீ திருடலன்னு ஆயிப்போச்சே!"

"அதனாலதான் அத்தே போறேன். திருடின்னு பேரோட எங்க குப்பத்துக்குப் போவ முடியாதுன்னுதான் இத்தினி நாளு இங்க கெடந்தேன். உங்க மவன் வந்தா, சோறு போடுற வூட்டுக்குப் போயிருக்கேன்னு சொல்லுங்க. அந்த மூணு நாளும் அவரும் இங்கதான் துன்னாரு. இஷ்டம்னா அங்க வந்து பேசட்டும்."

தகப்பனும் மகளும் எண்ணூர்ப் பக்கம் நடந்தார்கள். மங்கம்மா வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தேவப்பிரியம் கூண்டுச் சாவியை அவள் பக்கத்தில் வைத்தார்.