அருவருப்புக்கு ஒரு கை

ரப்பரால் தேய்த்த இடத்திலிருந்து உதிர்ந்த துகள் சாம்பல் நிறமாக இல்லை. பழுப்பாக, ஈரப்பசையோடு, பல நாள் குளிக்காத உடம்பைத் தேய்த்தால் திரளும் அழுக்குபோல் திரிதிரியாக உருண்டது. ஓவியக்காரி அதை விரல் நுனியால் ஒதுக்கினாள். ஒட்டிக்கொண்டது. சீ, கருமம் என்று துணியில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள்.

எல்லாம் அந்தக் கவிஞரால் வந்த வினை. இருபது கவிதை, இருபது கை. கோபம், ஏக்கம், வெட்கம் என்று எந்தச் சொல்லும் புத்தகத்தில் வராது. அந்த இடத்தில் ஒரு கையின் படம் இருக்கும். வலக்கை பென்சில் பிடிப்பதால் தன் இடக்கையையே மேஜையில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துப் பத்தொன்பதையும் வரைந்து முடித்திருந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்ததுபோல் நேற்று அவர் போன் செய்தார்.

“எல்லாம் ஒரே ஆளோட கையாவே இருக்குங்க. அருவருப்புக்காவது வேற கை போடுங்களேன்.”

வேறு கைக்கு எங்கே போவது? வழக்கம்போல் இடக்கைச் சுண்டுவிரல் நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். மகள்தான் இருந்தாள். ஆறு வயது. லேசாகக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. பாலில் ஆடை மிதந்தால் அவளுக்கு ஆகவே ஆகாது. ஓவியக்காரி தெரிந்தே ஆடை மிதந்த பால் டம்ளரை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “ச்சீ, எடும்மா!” என்று தள்ளிய பிஞ்சு இடக்கையை அப்படியே நிறுத்திவைக்கச் சொல்லி வரைந்தாள். கண்ணில் நீர் முட்ட, பிள்ளை அசையாமல் நின்றது. நானெல்லாம் ஒரு தாயா என்று அப்போதே மனசு குத்தியது. படத்தில் சுண்டுவிரல் மட்டும் சற்றுத் தள்ளி விழுந்துவிட்டது. மகள் படுக்கப் போனபின் அதைத்தான் இப்போது அழித்துக்கொண்டிருந்தாள்.

மதிய வெயில் திரைச்சீலையில் மஞ்சளாகத் தேங்கியிருந்தது, சமையலறையில் பிரிட்ஜ் விட்டுவிட்டு முனகியது, காகிதத்திலிருந்து பல நாள் கட்டுப் போட்டுப் பிரித்த தோலின் புளித்த வாடை மெல்ல எழுந்து தொண்டையில் ஒட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள்.

“அம்மா… வெரலு அரிக்குது” என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

“கொசு கடிச்சிருக்கும்டி செல்லம். சொறியாத.”

விரலின் நுனி அழிந்தது. நடுக்கணு அழிந்தது. துகள்கள் கொழகொழவென்று ரப்பரோடு இழுபட்டன.

“அம்மா, நகத்தக் காணோம்.”

“வெளையாடாதடி. அம்மாவுக்குத் தலைக்கு மேல வேல கெடக்கு.”

அடிக்கணுவும் போயிற்று. ஊதப்போனவள் நின்றாள். துகள்களுக்கிடையே மெல்லியதாக ஏதோ பளபளத்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

குழந்தை நகம்.

உள்ளே ஓடினாள். மகள் கையை நீட்டிக் காட்டினாள். சுண்டுவிரல் இருந்த இடத்தில் ரத்தமில்லை, காயமில்லை. வழவழவென்று மூடிய தோல்.

“வலிக்கலம்மா. ஒரு மாதிரியா இருக்கு.”

மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆனால் அந்த இடத்தைத் தொடக் கை வரவில்லை. குமட்டியது. பெற்ற பிள்ளையைப் பார்த்துக் குமட்டுகிறதே, ஐயோ!

திரும்பி ஓடினாள். அழித்ததால் போனது, வரைந்தால் வந்துவிடும். வரவேண்டும். பென்சிலை எடுத்தாள். ஒரு கோடு. இன்னொன்று. கணு. மடிப்பு. நகம். பார்த்தாள், வரைந்தாள். பார்த்தாள், வரைந்தாள்.

“அம்மா! வருதும்மா! வளருது!”

அப்பாடா. அழுகை பொங்கியது. இன்னும் ஒரு கோடு.

“போதும்மா… ரொம்ப நீளமா போவுது.”

பென்சில் நின்றது. இவ்வளவு நேரம் எதைப் பார்த்து வரைந்தாள்? குனிந்தாள். மேஜைமேல் அவளுடைய இடக்கை விரிந்து கிடந்தது. பாழாய்ப்போன பழக்கம்!

ரப்பரை எடுத்து அந்த விரல்மேல் ஒரே ஒரு முறை இழுத்தாள். உள்ளே மகள் வீரிட்டாள். காகிதத்தில் சிவப்பாகக் கசிந்தது. ரப்பரை வீசி எறிந்தாள்.

மகள் விசும்பியபடி கதவருகே வந்து நின்றாள். சின்னக் கையின் ஓரத்தில் வளர்ந்த பெண்ணொருத்தியின் விரல். புடைத்த கணு. சுருங்கிய தோல். கடித்துக் குதறிய நகம். நகத்தடியில் பென்சில் கரி. தாயின் விரல்.

“அழாதம்மா” என்று அருகில் வந்து அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள் மகள். குட்டி விரல்கள் காய்ச்சலில் சுட்டன. அந்த ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தது. ஊர்ந்து அம்மாவின் உதட்டோரம் வந்தது.

மகள் கையை இழுத்தாள். வரவில்லை.

“நான் பண்ணலம்மா” என்றாள்.

விரல் மடங்கியது. நிமிர்ந்தது. உதட்டை விலக்கிக்கொண்டு, ஈரமாக, உள்ளே நுழைந்தது.