பழைய கப்ளிங்

கராஜில் போன் அலறியது.

சிவகரனின் கை முழுக்க கிரீஸ். புறங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"சிவா... அண்ணை போயிட்டார்."

பேசியது முல்லைத்தீவு மீன் வியாபாரி மரியநேசனின் தம்பி நிறோஜன்.

"எங்க போயிட்டார்?"

"செத்துப் போயிட்டார். உடையார்கட்டு வளைவில கார் மரத்தோட அடிச்சிட்டுது. ஸ்டியரிங்கைச் சுத்தியும் கார் திரும்பேல்லையாம்."

சிவகரன் அப்படியே ஒரு டயர் மேல் உட்கார்ந்தான்.

மரியநேசனின் கார் சிவகரனைவிட வயதானது. ஸ்டியரிங் தண்டை, சக்கரங்களைத் திருப்புகிற கியரோடு இணைக்கிற றப்பர் கப்ளிங் தேய்ந்து வெடித்திருந்தது. மாற்றத்தான் காரை விட்டுப் போனார். வவுனியாவிலிருந்து வந்த புதுக் கப்ளிங் பொருந்தவில்லை. பழையதையே திரும்பப் பூட்டினான். காரை எடுக்க வந்த நிறோஜனிடம் சொன்னான், "மெல்ல ஓட்டிக்கொண்டு போங்கோ. சரியான சாமான் வரும்வரைக்கும் அண்ணையை ஓட வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

சொன்னான்தான்... ஆனால் சாவியையும் கொடுத்துவிட்டான்.

மத்தியானம் நிறோஜன் தன் வானை ஓட்டிக்கொண்டு, கராஜ் இருந்த புளியங்குளத்துக்கே வந்து இறங்கினான். கண்கள் சிவந்திருந்தன.

"அவரைச் சாகடிச்சது நான்தான்," என்றான் சிவகரன்.

"அப்பிடிக் கதையாதேங்கோ. நீங்கள் சொன்னதை நான் அண்ணையிட்டைச் சொன்னனான். அவர் கேக்கேல்லை."

"அண்ணியின்ர முகத்தில எப்பிடி முழிப்பன்?"

"மனசில வச்சிருந்தா அது உங்களைத் தின்னும். பொலிஸில சொல்லிவிடுங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன்."

நிறோஜன் எவ்வளவு நல்ல மனிதன்... அந்த நல்ல மனம்தான் சிவகரனை இன்னும் குத்தியது. கார் கொண்டுவரும்போதெல்லாம் மரியநேசன் ஒரு பை இறால் கொண்டுவருவார். "மனுசியிட்டைக் குடு" என்பார். வானில் போன வழி நெடுக அந்த இறால் பை சிவகரனின் கண் முன்னால் ஆடியது.

பொலிஸ் நிலையம்.

இன்ஸ்பெக்டர் பிரேமிளா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தாள்.

"நீங்கள் பூட்டின கப்ளிங் இதுதானே?"

பழைய வெடிப்பு அப்படியே இருந்தது. ஆனால் றப்பர் கிழியவில்லை. தண்டோடு இறுக்கிப் பிடிக்கிற போல்ட்டைத்தான் காணவில்லை.

"நான் இறுக்கினனான் மேடம்..."

இறுக்கினேனா?

"மறந்திருப்பார்," என்றான் நிறோஜன் மெதுவாக. "பாவம்."

பிரேமிளா அவன் பக்கம் திரும்பினாள். "புளியங்குளத்தில இருந்து முல்லைத்தீவு மட்டும் காரை ஓட்டினது நீங்கள்தானே?"

"ஓம்."

"போல்ட் இல்லாமலோ?"

"அது... பிறகு கழண்டு விழுந்திருக்கும்."

"ஓம், விழுந்துதான் கிடந்தது. உங்கட வான் சீற்றுக்குக் கீழ. நீங்கள் உள்ள இருக்கேக்க தேடி எடுத்தது. ஸ்பனரும் பக்கத்திலயே."

கதவருகே நின்ற கொன்ஸ்டபிள் இரண்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

நிறோஜன் கதவைப் பார்த்தான்.

"கடற்கரைக் காணியை விக்க அண்ணன் சம்மதிக்கேல்லை எண்டு உங்கட அண்ணி சொன்னவா," என்றாள் பிரேமிளா. "மெக்கானிக் சொன்னதை நீங்கள் அவரிட்டைச் சொல்லவும் இல்லையாம். கப்ளிங் பழசெண்டு தெரிஞ்சதும், பழி போட ஒரு மெக்கானிக் கிடைச்சிட்டார்."

சிவகரனுக்கு மூச்சு வந்தது. நிம்மதி வரவில்லை.

"நான் சாவியைக் குடுக்காட்டி அவர் இருந்திருப்பார் மேடம்."

"ஓம், இருந்திருப்பார்," என்றாள் அவள், சமாதானம் சொல்லாமல். "அதையும் வாக்குமூலத்தில எழுதுவம்."

சிவகரன் தலையாட்டினான். அதுதான் நியாயம் என்று பட்டது.

நிறோஜன் தடுமாறி எழுந்தான். "நான் போகோணும். செத்த வீடு... வானை எடுக்கலாமோ?"

"வேண்டாம். எங்கட ஜீப்பில ஏறுங்கோ," என்றாள் பிரேமிளா. "அதின்ர ஸ்டியரிங்கில நீங்கள் இன்னும் கை வைக்கேல்லை."