பன்னிரண்டாவது பாட்டில்

"ஐயோ... எல்லாம் செத்துக் கெடக்குதே!"

எலிகளுக்குத் தீனி வைக்கும் சம்பத்தின் அலறல்!

தேவகி கூண்டறைக்குள் ஓடினாள். பன்னிரண்டு கூண்டுகள். பன்னிரண்டு வெள்ளை எலிகள். அத்தனையும் விறைத்துக் கிடந்தன!

1984. பாகாயம் சாலையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். செம்பைப் பற்றிக்கொள்ளும் பெப்டைடு என்கிற புரதத் துணுக்கால் ஆன நீல மருந்து, சதையை வளர்த்துப் புண்ணை ஆற்றுமா? டாக்டர் நந்தகோபால் மூன்று வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எலிக்கும் தனித்தனி பாட்டில். முதுகுப் புண்ணில் தடவுவது தேவகியின் வேலை.

செலவு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி முதலாளி மக்பூல் அகமதுவுடையது. சேதி போன ஒரு மணி நேரத்தில் அவருடைய கார் சீறி வந்து நின்றது.

"இன்னா டாக்டர் இது? தோல் பதப்படுத்துற குரோம் ரசாயனம் பட்டு எங்க ஆளுங்களுக்கு வர்ற புண்ணுக்கு மருந்து கேட்டா, விஷத்தக் காய்ச்சி வெச்சிருக்கீங்க!"

"மருந்துல தப்பு இருக்காது சார்..."

"பன்னெண்டும் போய்டுச்சே! இன்னியோட இழுத்து மூடுங்க!"

சம்பத் தலையைச் சொறிந்தான். "நான் தீனி வெச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு முதலாளி. அப்புறம் தேவகி மருந்து தடவுச்சு..."

டாக்டர் நாற்காலியில் சரிந்தார். தேவகி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் அந்த நல்ல மனிதரின் மூன்று வருட உழைப்பே போகும்!

"சார்... மருந்து கொல்லல! பன்னெண்டாவது பாட்டில்ல இருந்தது மருந்தே இல்ல... அத நான் போன மாசமே திருடிட்டேன்!"

"என்னது?"

"என் தம்பி தனகோடி டேனரில தோல் ஊற வைக்கிறான். கையெல்லாம் குரோம் புண்ணு. சோறு பிசைய முடியாம அழுதான் சார்... நீங்க சாயங்காலம் பாட்டில் எண்ணுவீங்களே, அதான் வேற பாட்டில்ல பேனா மையும் தண்ணியும் ஊத்தி வெச்சேன்."

"அதான் அந்த எலிக்கு மட்டும் புண்ணு ஆறலியா!" என்றார் டாக்டர்.

மக்பூல் அகமது பதறினார். "தம்பி இன்னா ஆனான்?"

"புண்ணு ஆறி வேலைக்குப் போறான் முதலாளி. ஆனா, வெறும் மை தடவுன எலியும் செத்திருக்குதே... எப்படி?"



"தீனி!" டாக்டர் துள்ளி எழுந்தார். "தீனி மட்டுந்தான் எல்லாத்துக்கும் ஒண்ணு!"

தேவகி கூண்டில் மிச்சமிருந்த தீனியை அள்ளி நீட்டினாள்.

"சம்பத்தண்ணே... ஒரு வாய் தின்னுங்க!"

சம்பத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

"தின்னுடா!" முதலாளி உறுமினார்.

"வேணாம் முதலாளி! மருந்து தோத்துட்டா டாக்டரோட மருந்துக் குறிப்பு நோட்டு குப்பைக்குப் போய்டும், எடுத்தாந்து குடுன்னு ஒரு மருந்துக் கம்பெனிக்காரன் சொன்னான்... அதான் தீனில விஷம் வெச்சேன்!"

முதலாளியின் டிரைவர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்.

தேவகி வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"நான் வர்றேன் சார்... திருடுனவளுக்கு இங்க வேலை இல்ல."

"நில்லும்மா! எலி எல்லாம் போச்சு. இனி என் மருந்துக்கு ஒரே சாட்சி உன் தம்பிதான். நாளைக்குக் காலைல கூட்டிட்டு வா!"

"சார்...?"

"தீனிய மட்டும் வீட்லயே போட்டுக் கூட்டிட்டு வந்துடு!"