அப்பாவின் போனில் ஒரு கால்

என் அப்பா ஜெபகுமார் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பிள்ளைகள் "கூகுள்ல பார்த்தேன் சார்" என்றால் திட்டுவார். ஆனால் அவர் போனில் எவரோ ஒருவர் பேசினால் போதும், அது அவருக்கு வேதவாக்கு.

அப்படித்தான் ஒரு வீடியோ பார்த்தார். வெண்டைக்காய் ஊறிய தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடுமாம். அன்றே மாத்திரையை நிறுத்தினார். அம்மா சண்டை போட்டு ஓய்ந்துபோனார்.

அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், கர்த்தர் செய்த நன்மையை எல்லாருக்கும் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றார். "கர்த்தர் எனக்கு இந்த வீடியோவைக் காட்டினார். மாத்திரையை விட்டுட்டேன். நல்லா இருக்கேன்" என்றார். எல்லாரும் "ஸ்தோத்திரம்" சொன்னார்கள். சர்ச் வாட்ஸ்அப் குழுவிலும் வீடியோவைப் போட்டார். பக்கத்து வீட்டு ஜீவரத்தினம் ஆன்ட்டியும் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

மூன்று மாதத்தில் அப்பாவின் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

"டாக்டர்கிட்ட போலாம்பா" என்றேன்.

"அத்தனை பேர் முன்னாடி சாட்சி சொல்லிட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது ஜெரூஷா?" என்றார்.

ஒரு சனிக்கிழமை மதியம் அப்பா தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வலது காலைச் சுற்றி எறும்புகள். தட்டிவிடக் குனிந்தேன். பெருவிரலுக்கு அடியில் ஒரு புண். ஓரமெல்லாம் கறுத்து, நாற்றம் அடித்தது. எறும்பு கடித்தும் அவர் காலை இழுக்கவில்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

எழுப்பிச் சொன்னால், "ஷூ கடிச்சிருக்கும்" என்று சாக்ஸை மாட்டிக்கொள்வார். நான் சொன்னால் நம்பமாட்டார். போன் சொன்னால்?

அவர் போனிலேயே அந்தப் புண்ணைப் படம் எடுத்தேன். அவர் எழுந்ததும் நீட்டினேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அடப் பாவமே, யாரு இது? இவ்ளோ முத்த விடுவாங்களா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு."

"நீங்கதான்பா போகணும். அது உங்க கால்."

அப்பா பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அழுதார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததே இல்லை. அம்மா ஆட்டோ பிடிக்க ஓடினார். கேம்ப் ரோடு நெரிசலில் ஆட்டோ நகரவே இல்லை.

பெருவிரலை எடுத்துவிட்டார்கள். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா காலே போயிருக்கும்" என்றார் டாக்டர்.

மறுநாள் அப்பா போனைக் கேட்டார். அம்மா முறைத்தார். "மறுபடியும் வீடியோவா?"

"இல்ல. சாட்சி."

கட்டுப்போட்ட காலை என்னைப் படம் எடுக்கச் சொன்னார். அதன் கீழே எழுதினார்: "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. டாக்டரைக் கேக்காம யாரும் மாத்திரையை நிறுத்தாதீங்க." சர்ச் குழுவுக்கு அனுப்பினார்.

ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஜீவரத்தினம் ஆன்ட்டி ஒரு படம் போட்டார். உள்ளங்கையில் ஒரு மாத்திரை. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்.

பெரிதாக்கிப் பார்த்தேன். வெண்டைக்காய் இல்லை. வெறும் தண்ணீர்தான்.