உபசாரப் பிரிவு

எழிலரசி யாருக்கும் முழு வாக்கியம் எழுதிப் பல காலம் ஆகிறது. ஊரில் வேறு யார்தான் எழுதுகிறார்கள்? "ம்" என்று தட்டிவிட்டால் போதும், கைப்பேசியில் இருக்கும் சொல்பெருக்கி அதை அன்பும் அக்கறையுமாக வளர்த்து அனுப்பிவிடும். வந்து குவியும் நீண்ட கடிதங்களைச் சொல்சுருக்கி ஒரே வரியாகப் பிழிந்து தரும். ஒருவர் பெருக்க, இன்னொருவர் சுருக்க, உறவுகள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

சொல்பெருக்கிக்குத் தமிழ் மரியாதை கற்றுக்கொடுத்ததே எழில்தான். அதைத் தயாரிக்கும் நிறுவனத்தில் உபசாரப் பிரிவு அவள் பொறுப்பு. "அவசியம் வீட்டுக்கு வாங்க", "சாப்பிடாம போகக் கூடாது", "உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்று நாம் வாசலில் நின்று சொல்லும் அத்தனையையும் அதற்கு ஊட்டியிருந்தாள். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது சும்மா என்று தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய சென்னை ஃபிளாட்டின் அழைப்புமணி அடித்தது. பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த ரெஜினா, பெரிய பெட்டியோடு நின்றாள். உதடு வீங்கியிருந்தது.

"வந்துட்டேன்ட்டி. நீ அப்படி எழுதுனதுக்கு அப்புறமும் அந்த ஆளுகிட்ட அடி வாங்கிட்டுக் கெடக்க எனக்கென்ன பைத்தியமா?"

எழிலுக்கு ஒன்றும் புரியவில்லை. டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்க் கைப்பேசியைத் திறந்தாள். ரெஜினாவின் கடிதம் பக்கம் பக்கமாக நீண்டது. கணவன் ஸ்டீபன் கை நீட்டுவதையெல்லாம் எழுதியிருந்தாள். சொல்சுருக்கி அதை "ரெஜினா நலம். வீட்டில் சிறு மனக்கசப்பு" என்று பிழிந்திருந்தது. எழில் "ம்" போட்டிருக்கிறாள். "யோசிக்காதே, கிளம்பி வா. என் வீட்டுக் கதவு உனக்காகத் திறந்தே இருக்கும்" என்று சொல்பெருக்கி எழுதியிருக்கிறது. எழிலுக்கு அவமானமாக இருந்தது. தோழி அடி வாங்கிய கதையை அவள் படிக்கக்கூட இல்லை.

மறைக்க மனம் வரவில்லை. போய், அந்தப் பதிலை எழுதியது இயந்திரம் என்று சொல்லிவிட்டாள்.

ரெஜினா டீயைத் தொடாமல் எழுந்து பெட்டியைப் பிடித்தாள். "சரிட்டி. நான் வேற எங்கயாவது பாத்துக்கிடுதேன்."

"இரு ரெஜி. இது உன் வீடு மாதிரி..."

"இதத்தான மிஷினும் சொல்லும்?"

உண்மைதான். எழிலின் வாயில் வந்த ஒவ்வொரு நல்ல வார்த்தையும் அவளே அதற்கு ஊட்டியது. கடைசியில் பொறுமை போய்க் கத்தினாள். "இருக்கறது ஒரே ரூம். நீ திடுதிப்னு வந்து நிக்கறது எனக்கு எரிச்சலாத்தான் இருக்கு. இருந்தாலும் போகாதடி!"

ரெஜினா அவளையே பார்த்தாள். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். "இது நீதாம்ட்டி," என்றாள்.

அந்த வாரம் அலுவலகத்தில் கூட்டம். இனிப்பான பேச்சை இப்போதெல்லாம் யாரும் நம்புவதில்லை, புதிதாக ஏதாவது வேண்டும் என்று மேலாளர் தலையைப் பிய்த்துக்கொண்டார். எழிலுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "முதல்ல எரிச்சலைச் சொல்லணும் சார். அப்புறம் அன்பைச் சொன்னா நம்புவாங்க," என்று ரெஜினாவிடம் கத்திய அந்த வாக்கியத்தையே எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ரெஜினாவின் அழுகையைக் கொண்டுபோய்க் கடை விரித்தோமே என்று பஸ்ஸில் வரும்போதுதான் மனம் உறுத்தியது.

ரெஜினாவின் உதடு ஆறியது. ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள், பழையபடி சிரிக்கவும் ஆரம்பித்தாள். ஒரு நாள் எழில் வீடு திரும்பியபோது அவள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"அவரு எழுதியிருக்காரு, கேளு. 'உன் பேச்சு, உன் அழுகை எல்லாமே எனக்கு எரிச்சல்தான். இருந்தாலும் நீ இல்லாம முடியல, வந்துடு.' இத்தன நாளும் தேனா ஒழுக எழுதுனாரு, நான் அசையல. இது மிஷின் எழுதுனது இல்லட்டி. மிஷினுக்கு எரிச்சல் வருமா?"

எழில் குறுக்கே போய் நின்றாள். "போகாத ரெஜி! அது நான் கத்துக்கொடுத்தது. அன்னைக்கு உன்கிட்ட சொன்னதைத்தான் ஆபீஸ்ல எடுத்துக் கொடுத்தேன். அவன் வெறும் 'ம்' போட்டிருப்பான்!"

ரெஜினாவின் முகம் சுருங்கியது. "அப்ப, அன்னைக்கு நீ என்கிட்டச் சொன்னதும் மிஷின் பேச்சுத்தானா?"

"ஐயோ, இல்லடி! அது என் மனசுல இருந்து வந்தது."

"பின்ன? அவரு மனசுல இருந்து மட்டும் வராதா?" ரெஜினா அவள் கன்னத்தைத் தட்டினாள். "என்னை விட மனசில்லாமச் சொல்லுத. எனக்குத் தெரியாதா?"

லிஃப்ட் ரெஜினாவை ஏற்றிக்கொண்டு இறங்கியது. எழில் அதன் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அது வரவில்லை.