மீன்தொட்டிக்கு ஒரு டீ மாஸ்டர்

தேர் அன்றைக்குத் தெருவில் யார் வீட்டிலும் கரண்ட் இருக்காது. ஓவியா வீட்டில் மட்டும் இருக்கும்.

இப்படி அறிவித்தது மின்வாரியம் அல்ல. ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஓவியா.

திருவண்ணாமலையில் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். பெரிய தேர் மாடி வீடுகளைவிட உயரம். அது கம்பியில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று காலையிலேயே கரண்டை நிறுத்தி, குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றிவிடுவார்கள். தேர்கள் ஒவ்வொன்றாகப் போன பிறகுதான் மறுபடி மாட்டுவார்கள். ஓவியா வீடு இருப்பது தேர் ஓடும் வீதியை ஒட்டிய சந்தில். அங்கேயும் அன்றைக்கு விசிறிமட்டைதான்.

ஆனால் இந்த வருஷம் ஓவியா வீட்டு மொட்டை மாடியில் சோலார் பேனல் இருந்தது.

அது வந்த கதை இது. போன கோடையில் வெயில் ரொம்ப ஜாஸ்தி. கிரிவலப் பாதையில் பகலில் வெறுங்காலோடு வந்தவர்கள் நடக்கவில்லை, குதித்தார்கள். நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிறோம், அந்தப் புகை பூமிக்குப் போர்வை போர்த்தியதுபோலச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்தது. அன்று மாலை ஓவியா மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தாள்.

"அப்பா, சூடா இருக்குதுன்னு ஃபேன் போடறோம். ஃபேனுக்காக நிலக்கரி எரிக்கிறாங்க. அதனால இன்னும் சூடாவுது. அப்புறம் இன்னொரு ஃபேன் வாங்கணும். இது எங்கப்பா போய் முடியும்?"

அப்பா புகழேந்தி ஃபேன் கடை வைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அவர் வைத்திருந்தது செருப்புக் கடை. அதுவும், எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற ஊரில்.

ஓவியா இதே கேள்வியைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் கேட்டாள். அப்பா நிம்மதியாகச் சாப்பிட ஆசைப்பட்டார். ஐப்பசி மாதம் பேனல் வந்துவிட்டது. சூரியனே வீட்டுக்கு வந்த பிறகு இந்த பேட்டரி டப்பா எதற்கு என்று பழைய இன்வர்ட்டரை அப்பா விற்றும் விட்டார்.

பேனல் மாட்டிய பிரசாத் அண்ணன், ஏணியில் நின்றபடி, முக்கியமான ஏதோ ஒன்றைச் சொன்னார். அப்பா அப்போது பேனலோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சில தடவை கரண்ட் போனது. எல்லாமே ராத்திரியில். ராத்திரியில் கரண்ட் இல்லை என்று சூரியனை யாரும் குறை சொல்வதில்லை.

ஆகவே தேருக்கு முன்னால் ஓவியா வாசலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள். "தேர் அன்று இங்கே கரண்ட் உண்டு. அனைவரும் வருக."

அட்டையை முதலில் படித்தவன் எதிர் வீட்டுக் காசி. ஓவியாவின் வகுப்புதான். அவனிடம் ஒரு கண்ணாடித் தொட்டியும் அது நிறைய மீன்களும் இருந்தன. அதில் ஆரஞ்சு நிறத்தில் குண்டாக ஒன்று. அது வந்தால் மற்ற மீன்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிடும். காசி அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தான்.

தொட்டிக்குள் சின்ன பம்ப் ஒன்று நாள் முழுக்கக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில்தான் மீன்கள் மூச்சு விட்டன. போன வருஷம் தேர் அன்று பம்ப் நின்றது. சாயங்காலத்துக்குள் இரண்டு மீன்கள் மல்லாந்துவிட்டன. காசி அவற்றைச் செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்தான். வெகு நாளைக்கு அந்தச் செடியில் பூப்பறிக்க அவன் யாரையும் விடவில்லை.

"நெசமாவே கரண்ட் இருக்குமா?" என்று காசி கேட்டான்.

"சூரியன் லீவு போட்டாத்தான்டா இருக்காது."

காசிக்கு அது போதுமானதாக இருந்தது.

தேர் அன்று சூரியன் லீவு போடவில்லை. கார்த்திகை மழை விட்டு, வானம் துடைத்த தட்டுப்போல இருந்தது. ஓவியாவின் அம்மா மணிமொழி நர்ஸ். திருவிழா மருத்துவ முகாமுக்கு விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். காலைச் சாப்பாடு முடிவதற்குள் கூடம் நிரம்பிவிட்டது. பக்கத்து வீட்டு சரசு அக்கா ஊறவைத்த அரிசியோடும் உளுந்தோடும் வந்து கிரைண்டர் பக்கத்தில் இடம் பிடித்தார். தேர் வீதியில் டீக்கடை வைத்திருக்கும் சுப்பன் அண்ணனும் போனில் சார்ஜ் போட வந்தார். அவர் கடையின் முன்பந்தல் தேருக்கு இடிக்கும் என்பதால் அதைப் பிரித்துவிட்டார்கள். பெரிய தேர் போகும்வரை அவருக்கு வேலை இல்லை.

காசியும் அவன் அப்பாவும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கலெக்டர் உள்ளே ஆடி ஆடி வந்தார். அவரைக் கூடத்து மேசையில் இறக்கி, பம்ப்பைப் பிளக்கில் மாட்டினார்கள். குமிழி வந்தது. காசியின் அப்பா தேர் வடம் பிடிக்கப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் கரண்ட் போனது.

ஓவியா வீட்டிலும் போனது.

சுவரில் இருந்த சோலார் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தது. பம்ப் கடைசியாக ஒரு குமிழியை விட்டுவிட்டு நின்றது.

"வரும், வரும்," என்றார் அப்பா. எது வரும் என்று அவர் சொல்லவில்லை.

பிறகு பிரசாத் அண்ணனுக்குப் போன் போட்டார். அவர் அன்றைக்கு ஏணியில் நின்று சொன்னதையே திரும்பவும் சொன்னார். இந்த வகை பேனல் தெருக் கம்பியோடு சேர்ந்தே ஓடும். கம்பியில் கரண்ட் நின்றால் பேனலும் தானாக நின்றுவிடும். நிற்கக் கூடாது என்றால் அதற்கென்று பேட்டரியும் வேறு பெட்டியும் வேண்டும்.

"இதை ஏங்க முன்னாடியே சொல்லல?" என்று கேட்க அப்பா வாயைத் திறந்தார். செல்ஃபி ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

ஓவியா மொட்டை மாடிக்கு ஓடினாள். பேனல் மேல் அப்பளம் வைத்தால் பொரியும்போல வெயில். இவ்வளவு வெயிலையும் வாங்கிக்கொண்டு சும்மா படுத்திருக்கிறதே என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

அப்போதுதான் சந்து முனையில் பார்த்தாள். மின்கம்பத்தின் உச்சியில் ஒருவர் கம்பியைக் கையால் பிடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். கீழே இன்னொருவர் அண்ணாந்து ஏதோ சொல்ல, மேலே இருந்தவர் சிரித்தார். ஓவியா அந்தக் கம்பியைக் கண்ணாலேயே தொடர்ந்தாள். அது அடுத்த கம்பத்துக்கு வந்தது. அங்கிருந்து அவள் வீட்டுக்கு வந்தது.

அவள் மெதுவாகப் படி இறங்கினாள்.

கீழே காசி தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். "இருக்கும்னு சொன்னியே," என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது ஓவியாவுக்கு.

"யாரையும் கேக்காமலே சொல்லிட்டேன்டா. தப்புதான்," என்றாள். "கம்பத்து மேல ஒரு அண்ணன் கம்பியப் பிடிச்சிக்கிட்டு இருக்காரு. நம்ம பேனல் ஓடுச்சின்னா அந்தக் கரண்ட் அவர் கைக்குப் போயிடும். அதான் அதுவே நிறுத்திக்குது."

எல்லாரும் சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் திட்டு வாங்கிய பெட்டி அது.

"நிக்கட்டும்மா," என்றார் சரசு அக்கா. "மாவு நாளைக்குக் கூட அரைச்சிக்கலாம்."

மாவு காத்திருக்கும். மீன் காத்திருக்காது. வெளியே எடுத்துப் போகவும் வழி இல்லை. சந்துக்கு வெளியே கால் வைக்க இடமில்லாத கூட்டம். நேரம் போகப் போக மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கலெக்டரும் வந்தார். இந்தத் தடவை அவருக்கு யாரும் வழிவிடவில்லை.

காசி தன் வீட்டுச் செம்பருத்திச் செடி இருக்கும் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாது என்று அப்பா எல்லாருக்கும் டீ போட்டார். சுப்பன் அண்ணன் ஒரு வாய் குடித்தார். மரியாதைக்காக எதுவும் சொல்லவில்லை. இன்னொரு டம்ளரை வாங்கி, டீயை உயரத் தூக்கி ஆற்ற ஆரம்பித்தார். கை பழகிப்போனது. டீ கயிறுபோல இறங்கியது. டம்ளரில் நுரை பொங்கியது.

ஓவியா அந்த நுரையைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"அண்ணே, இந்த நுரைக்குள்ள என்னா இருக்குது?"

"என்னா இருக்கும், காத்துதான். ஒசரத்துல இருந்து ஊத்தும்போது அதுவா உள்ள பூந்துக்கும்."

ஓவியா சமையலறைக்கு ஓடி ஒரு சொம்போடு வந்தாள். நாற்காலியில் ஏறி, தொட்டித் தண்ணீரை மொண்டு, கை எட்டும் உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றினாள். தண்ணீர் சளசளவென்று விழுந்தது. உள்ளே குமிழிகள் ஓடின. மறுபடி மொண்டாள். மறுபடி ஊற்றினாள்.

"மீன் தலையில ஊத்தாதம்மா. ஓரமா, மெல்லிசா விடு," என்றார் சுப்பன் அண்ணன். அவரும் நாற்காலி பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஓவியாவுக்குக் கை வலித்தால் காசி, காசிக்கு வலித்தால் ஓவியா. கடைசியில் ஒரு சின்ன மீன் மேலே வருவதை நிறுத்திவிட்டுக் கீழே போனது. அதன் பின்னால் இன்னொன்று. கலெக்டர் எல்லாரும் போகும்வரை இருந்துவிட்டுப் பிறகு போனார்.

காசி சொம்பைப் பிடித்தபடியே மூக்கை உறிஞ்சினான். தண்ணீர் தெறித்துவிட்டது என்றான். எல்லாரும் நம்பினார்கள்.

ஊற்றுவதை நிறுத்தினால் மீன்கள் மறுபடி மேலே வந்தன. ஆக, கரண்ட் வரும்வரை ஊற்ற வேண்டும். போனில் சார்ஜ் போட வந்தவர்களும் மாவரைக்க வந்தவரும் வரிசையில் நின்றார்கள். சரசு அக்கா ஊற்றினால் கூடத்தில் பாதி நனைந்தது. அப்பா நிதானமாக ஊற்றினார், ஆனால் செல்ஃபி எடுக்கத் தடை போட்டிருந்தார்கள்.

நடுவில் ஓவியா வாசலுக்குப் போய் அட்டையைத் திருப்பி எழுதினாள். "வெயில் அடித்தால் இங்கே சூரிய கரண்ட். தெருவில் கரண்ட் போனால் எங்களுக்கும் போகும். ஏன் என்று கேட்டால் சொல்லப்படும்." அதைப் படித்துவிட்டு நான்கு பேர் உள்ளே வந்து ஏன் என்று கேட்டார்கள். சொல்லப்பட்டது. நான்கு பேருக்கும் கையில் சொம்பு கொடுக்கப்பட்டது.

பெரிய தேர் சந்து முனையைத் தாண்டியபோது வீட்டுச் சுவர்கூட அதிர்ந்தது. "அரோகரா" சத்தம் உள்ளே வந்தது. சுப்பன் அண்ணன் வாசல் வரை போய்க் கும்பிட்டுவிட்டு, கடையைத் திறக்கப் போகாமல் திரும்பி வந்து சொம்பை வாங்கிக்கொண்டார்.

பொழுது சாய்ந்தது. கடைசித் தேர் சண்டிகேஸ்வரர் தேர். அதைப் பிள்ளைகள்தான் இழுப்பார்கள். தெருப் பிள்ளைகள் அதற்காக வாசலில் ஓடுவது கேட்டது. ஓவியா தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீ போ. மீனு என்னுதுதானே," என்றான் காசி.

"சொன்னது நானு. நீ போடா. கயிறு போன வருஷத்துக் கயிறுதான், நான் பார்த்திருக்கேன்."

இரண்டு பேரும் போகவில்லை. சுப்பன் அண்ணன் இருவர் கையிலிருந்தும் சொம்பைப் பிடுங்கினார்.

"ரெண்டு பேரும் ஓடுங்க. நான் தினம் ஆத்துறவன். எனக்குச் சொல்லித்தர வேணாம்."

அவர்கள் ஓடினார்கள். கூட்டத்தில் நுழைந்து, இடித்துக்கொண்டு, வடத்தில் கை வைக்க இடம் பிடித்தார்கள். நாளெல்லாம் சொம்பு பிடித்த கை வடத்தையும் விடாமல் பிடித்தது. தேர் நகர்ந்தது. தாங்கள் இழுத்ததால்தான் நகர்ந்தது என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும். அங்கே இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரியும்.

உள்ளங்கை சிவக்கத் திரும்பி வந்தபோது சந்தில் விளக்குகள் எரிந்தன. கம்பியை மறுபடி மாட்டிவிட்டார்கள். அப்பா, பேட்டரி வைத்தால் எப்படி என்று பிரசாத் அண்ணனிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை காது கொடுத்துக் கேட்டார். எங்க வீட்டுக்கும் சேர்த்துக் கேளுங்க என்று சரசு அக்கா கிரைண்டர் சத்தத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூடத்தில் பம்ப் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. சுப்பன் அண்ணன் இன்னும் நாற்காலியில் நின்று, சொம்பை உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கரண்ட் வந்துடுச்சே," என்றான் காசி.

"தெரியும்பா," என்றார் அவர், கையை நிறுத்தாமல். "கலெக்டர் பார்த்துக்கிட்டு இருக்காரு. பாதியில எப்படி நிறுத்துறது?"